முறிந்த இடுப்பும் முடங்கிய ஊரும்

முதியவர் ஒருவர் விழுந்துவிட்டார் என்ற செய்தி யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒருபோதும் சிறிய செய்தியாகக் கொள்ளப்பட்டதில்லை. மாரி காலத்திலே பாசி படர்ந்த கிணற்றடி, இருளிலே கண்ணுக்குப் புலப்படாத வாயிற்படி, ஈரம் உலராத சீமெந்துத் தரை, காலிலே தடக்கும் சேலைத் தலைப்பு ஆகிய இவற்றுள் ஏதாவதொன்று போதும். விழுந்தவர் எழ முயல்வார், முடியாது. ஒரு கால் மற்றக் காலினும் சற்றுக் குறுகி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடக்கும். "இடுப்பு முறிந்துவிட்டது" என்பர் அயலார். அச்சொற்களோடு ஊரார் மனத்தில் ஓர் எண்ணமும் எழும். இவர் இனிப் பாயை விட்டு எழமாட்டார் என்பதே அவ்வெண்ணம்.

அது வெறும் அச்சத்திலே பிறந்த எண்ணம் அன்று. பல தலைமுறைகளின் அனுபவத்திலே பிறந்தது. அவ்வனுபவத்தைப் பொய்யாக்கியது ஏறத்தாழக் கடந்த நூறாண்டுகளில் வளர்ந்த சத்திரசிகிச்சை. அதனால் விளைந்த நன்மை எவ்வளவு அரியது, எவ்வளவு எளிதிற் கைநழுவக் கூடியது என்பதை 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய கொவிட்-19 நோய் காட்டிற்று. முறிந்த இடுப்புக்கு முற்காலத்தில் என்ன செய்தனர், பிற்காலத்தில் என்ன செய்தனர், ஊர் முழுவதும் முடங்கிக் கிடந்த நாட்களில் என்ன நேர்ந்தது என்பதை வரன்முறையாக நோக்குவது பயன் தரும்.

இடுப்பு முறிந்தது என்று வழக்கிலே சொன்னாலும், உண்மையில் முறிவது தொடையெலும்பின் மேல் முனையே. அம்முனை பந்துபோல உருண்டு இடுப்புக் குழியிலே பொருந்தியிருக்கும். பந்தையும் தண்டையும் இணைப்பது கழுத்துப் போன்ற ஒடுங்கிய பகுதி. உடலின் பாரமெல்லாம் அக்கழுத்தின் வழியாகவே காலுக்கு இறங்குகின்றது. முதுமையிலே எலும்பின் சுண்ணச்சத்துக் குறைந்து அதன் உள்ளமைப்பு நைந்துவிடும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இக்குறைவு விரைவாக நிகழும். ஆகையால் இளைஞர் ஒருவர் மரத்திலிருந்து விழுந்தும் முறியாத எலும்பு, மூதாட்டி ஒருவர் நின்ற நிலையிலிருந்து சாய்ந்ததும் முறிகின்றது.

இன்னொரு இடையூறும் உண்டு. பந்து போன்ற பகுதிக்கு வேண்டிய குருதியிற் பெரும்பங்கு அக்கழுத்தின் மேலாகவே செல்கின்றது. கழுத்து முறிந்து விலகினால் குருதிக் குழாய்களும் அறுந்துபோம். அப்பொழுது முறிந்த முனைகளை எவ்வளவு நேராக வைத்தாலும் அவை பொருந்தாமற் போகலாம். பந்துப் பகுதி உயிரற்று நைந்தும் போகலாம். கழுத்துக்குக் கீழே, தசைகள் பற்றியிருக்கும் இடத்திலே முறிவு நேர்ந்தால் குருதியோட்டம் குறைவதில்லை, எலும்பு பொருந்தும். ஆயினும் கால் குறுகிக் கோணலாகப் பொருந்தும். இவ்விரண்டு முறிவுகளும் வேறு வேறானவை என்பதைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் இலண்டனில் வாழ்ந்த சேர் அஸ்லி கூப்பர் என்னும் சத்திரவைத்தியர். மூட்டு விலகல்களையும் முறிவுகளையும் பற்றி அவர் எழுதிய நூல் 1822ஆம் ஆண்டில் வெளிவந்தது.

முதியோரின் கழுத்து முறிவைப் பொருந்தச் செய்வதற்காக அவரை மாதக் கணக்கிலே படுக்கையிற் கட்டி வைத்தால், எலும்பும் பொருந்தாது, உயிரும் போகும் என்று கூப்பர் கண்டார். ஆகவே எலும்பைப் பற்றிய கவலையை விட்டு, நோவு சிறிது தணிந்ததும் நோயாளரை நாற்காலியில் இருத்தி, ஊன்றுகோலின் துணையோடு நடக்கச் செய்வதே நன்றென அவர் கருதினார். கால் ஊனமாகலாம், உயிர் தங்கும். இவ்வறிவு கத்தியும் ஆணியும் வருவதற்கு முன்னரே பிறந்தது. இடுப்பு முறிந்தவரைக் கொல்வது முறிவு அன்று, படுக்கையே என்பது இதன் சாரம்.

படுக்கை எவ்வாறு கொல்லும்? மல்லாந்து கிடப்பவரின் நுரையீரலின் அடிப்பகுதி நன்கு விரியாது; சளி தேங்கிச் சுவாச அழற்சி உண்டாகும். அசையாத காலிலே குருதி உறைந்து கட்டியாகி, அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைக்கும். முதுகிலும் குதிக்காலிலும் புண் வரும். சலத்திலே கிருமி சேரும். உணவிலே விருப்பம் குறையும், அறிவு கலங்கும். இவற்றுக்கெல்லாம் எலும்பு முறிவு மட்டும் காரணம் அன்று. பெரும்பாலும் இவை கிடத்தலின் விளைவுகள்.

யாழ்ப்பாணத்திலே முறிவு வைத்தியத்துக்கு நீண்ட மரபு உண்டு. யாழ்ப்பாண மன்னர் காலத்தைச் சார்ந்தனவாகக் கொள்ளப்படும் பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இந்நாட்டுச் சித்த மருத்துவ அறிவின் பழமைக்குச் சான்று. வலிகாமம் வடக்கிலுள்ள ஒட்டகப்புலம் முறிவு நெறிவு வைத்தியத்துக்குப் பெயர்பெற்ற ஊர். கைமுறிவு, கால்முறிவு, மூட்டு விலகல் என்பவற்றைக் கையாலேயே தடவி அறிந்து, இழுத்து நேராக்கி, எண்ணெயிட்டு, சிம்பு வைத்துக் கட்டும் திறமை பரம்பரையாக வந்தது. முன்கை முறிந்த எத்தனையோ சிறுவர் அக்கைகளாற் குணம்பெற்றனர். ஆயினும் தொடையெலும்பின் கழுத்து, கையால் தடவி அறிய இயலாத ஆழத்தில் உள்ளது. தடித்த தசைகள் அதனை மூடியிருக்கின்றன. அத்தசைகளே முறிந்த முனைகளை மேலே இழுக்கின்றன. வெளியிலே கட்டும் எந்தச் சிம்பும் அதனைப் பிடித்து வைக்க வலிமையற்றது. இது நாட்டு வைத்தியத்துக்கு மட்டும் உரிய குறையன்று. அக்காலத்து ஐரோப்பிய வைத்தியமும் இவ்விடத்திலே கைகட்டியே நின்றது.

மேனாட்டு வைத்தியம் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களிடையே பரவத் தொடங்கியது கொள்ளைநோய்க் காலத்திலே. 1817ஆம் ஆண்டிலே வங்க நாட்டிற் பெருகிய வாந்திபேதி இரண்டாண்டுகளுக்குள் இலங்கையையும் எட்டியது. 1820ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் யோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலே தங்கி நோயாளரைப் பார்க்கலானார். 1847ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். இவர் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரத்தவர். கூப்பரின் நூல் வெளியான அதே 1822ஆம் ஆண்டிலே பிறந்தவர். முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் இருந்து வைத்தியம் செய்தார். தமிழ் மாணவருக்கு வைத்தியக் கல்வியும் புகட்டினார். மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1850ஆம் ஆண்டிலே அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவரின் முயற்சியினால் யாழ்ப்பாண நகரத்திலும் ஒரு வைத்தியசாலை எழுந்தது. இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே.

கிறீன் வைத்தியர் தமிழுக்குச் செய்த தொண்டு தனியே போற்றத் தக்கது. மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று துணிந்து, தம் மாணவரின் துணையோடு நூல் பல வெளியிட்டார். அவற்றுள் ஒன்று இரண வைத்தியம். துறூயிற் என்னும் ஆங்கிலேயர் சத்திரசிகிச்சை பற்றி எழுதிய நூலின் தமிழாக்கம் அது. 1867ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டிலேதான் யோசேப் லிஸ்ரர் என்னும் அறிஞர், காயத்திற் கிருமி புகாமற் காக்கும் முறையை இலண்டன் வைத்திய இதழான லான்செற்றில் எழுதினார். தமிழ் மாணவன் ஒருவன் மானிப்பாயிலே தன் தாய்மொழியிற் சத்திரசிகிச்சை கற்ற ஆண்டும், அச்சத்திரசிகிச்சை உயிர்க்கொல்லி என்ற பழிச்சொல்லிலிருந்து விடுபடத் தொடங்கிய ஆண்டும் ஒன்றாய் அமைந்தன.

இடுப்பு முறிவைக் கத்தியால் நேராக்குவதற்கு மூன்று வசதிகள் வேண்டும். நோயாளருக்கு நோவு தெரியாதிருத்தல் வேண்டும். காயம் சீழ்ப்பிடியாதிருத்தல் வேண்டும். வைத்தியருக்கு உள்ளே இருக்கும் எலும்பு கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். முதல் வசதி 1846ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆந் திகதி, பொஸ்ரன் நகரிலுள்ள மாசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையிலே ஈதர் மயக்கமருந்து பலரறிய வெற்றிகரமாகப் பயன்படுத்தப்பட்டதோடு வந்தது. கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டிலேதான். இரண்டாவது வசதி லிஸ்ரர் தந்தது. மூன்றாவது, 1895ஆம் ஆண்டிலே ஜேர்மனி நாட்டு விஞ்ஞானி ரொன்ற்ஜன் கண்ட எக்ஸ் கதிர். இதனோடு 1898ஆம் ஆண்டிலே அதே நாட்டைச் சேர்ந்த ஓகஸ்ற் பீர் என்பவர், முள்ளந்தண்டிலே ஊசியேற்றி உடலின் கீழ்ப்பாதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையையும் நிலைநாட்டினார். நோயாளர் விழித்திருக்கவே இடுப்பிற் சத்திரசிகிச்சை செய்ய இதனால் இயன்றது.

இவ்வசதிகள் யாவும் கூடிய பின்னர், 1925ஆம் ஆண்டிலே, ஈதர் மயக்கத்தை உலகுக்குக் காட்டிய அதே பொஸ்ரன் வைத்தியசாலையிலே சிமித் பீற்றர்சன் என்னும் சத்திரவைத்தியர் மூன்று விளிம்புகளையுடைய உலோக ஆணி ஒன்றைச் செலுத்தி, தொடையெலும்பின் தலையையும் தண்டையும் பிணைத்தார். 1931ஆம் ஆண்டில் அவர் தம் முறையை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே சுவீடன் நாட்டு வைத்தியர் யொகான்சன், நடுவே துளையுள்ள ஆணியை முதலிற் செலுத்திய மெல்லிய கம்பியின் வழியே வைக்கும் முறையைக் காட்டினார். மூட்டை அகலத் திறவாமலே எக்ஸ் கதிர்ப் படத்தின் துணைகொண்டு ஆணியைச் சரியான இடத்திற் சேர்க்க அம்முறை உதவிற்று.

ஆணியாலும் பொருந்தாத முறிவுகளுக்கு வேறு வழி பிறந்தது. உயிரிழந்த எலும்புத் தலையை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாக உலோகத்தாற் செய்த தலையை வைப்பதே அவ்வழி. 1940ஆம் ஆண்டிலே அமெரிக்க வைத்தியர் ஒஸ்ரின் மூர், ஹரோல்ட் போல்மன் என்பவரோடு சேர்ந்து அத்தகைய ஓர் உலோகப் பகுதியை நோயாளர் ஒருவருக்கு வைத்தார். 1950களிலே அவர் திருத்தியமைத்த வடிவம் உலகெங்கும் பரவி அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1962ஆம் ஆண்டிலே இங்கிலாந்து வைத்தியர் யோன் சாண்லி, மூட்டின் குழியையும் தலையையும் சேர்த்தே மாற்றும் சிகிச்சையை நிலைபெறச் செய்தார்.

இக்கருவிகளின் பயன் எலும்பு அழகாகப் பொருந்தியதில் மட்டும் இல்லை. சத்திரசிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளரைக் கட்டிலை விட்டு எழுப்பலாம் என்பதே பெரும்பயன். கூப்பர் ஊனத்தை விலையாகக் கொடுத்து வாங்கிய உயிரை, இப்பொழுது ஊனமின்றியே வாங்க இயன்றது. வைத்தியசாலைகளின் மனப்போக்கும் இதற்கேற்ப மாறலாயிற்று. 1930களில் மார்ஜரி வாரன் என்னும் அம்மையார் இலண்டனிலே ஆண்டுக் கணக்காகப் படுக்கையிற் கிடந்த முதியோரை எழுப்பி நடக்கச் செய்து, முதியோர் வைத்தியம் என்னும் தனித்துறைக்கு அடிகோலினார். 1947ஆம் ஆண்டிலே றிச்சர்ட் அஷர் என்னும் வைத்தியர், படுக்கையிற் கிடத்துவதால் வரும் கேடுகளைத் தொகுத்துப் பிரித்தானிய வைத்திய இதழிலே எழுதிய கட்டுரை வைத்திய உலகிலே புகழ்பெற்றது. எலும்பு வைத்தியரும் முதியோர் வைத்தியரும் ஒரே நோயாளரைச் சேர்ந்து பார்க்கும் முறையும் வளர்ந்தது. இங்கிலாந்திலே 2007ஆம் ஆண்டு தொடக்கம் இடுப்பு முறிந்த முதியோர் ஒவ்வொருவரைப் பற்றியும் கணக்கு வைத்தனர். அவ்வாண்டிலே முப்பது நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினொருவர். பத்தாண்டு கழிந்தபோது அத்தொகை ஏழுக்கும் கீழே இறங்கியது. புதிய ஆணி எதுவும் கண்டுபிடித்ததனால் வந்த பயன் அன்று இது. காலந்தாழ்த்தாது சத்திரசிகிச்சை செய்ததனாலும், மறுநாளே எழுப்பியதனாலும் வந்த பயன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இப்பயனைப் பெறுவது எக்காலத்தும் எளிதாயிருக்கவில்லை. 1978ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் தொடங்கியது. வட மாகாணம் முழுவதற்கும் போதனா வைத்தியசாலை ஒன்றே. அவ்வைத்தியசாலை போரின் நடுவே நின்றது. 1987ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி அதன் கட்டடத்துக்குள்ளேயே வைத்தியர், தாதியர், நோயாளர் எனப் பலர் கொல்லப்பட்டனர். 1990ஆம் ஆண்டிலே செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பு வலயம் அதனைச் சூழ அமைந்தது. மின்சாரம் நின்ற காலம் அது. மருந்தும் கருவியும் கடல் கடந்தே வரவேண்டிய காலமும் அதுவே. எக்ஸ் கதிருக்கு மின்சாரம் வேண்டும். சத்திரசிகிச்சைக்குக் குருதியும் மயக்கமருந்தும் உலோக ஆணியும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் முறிந்த இடுப்பு மீண்டும் படுக்கைக்கே திரும்பும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நடக்கமுடியாத முதியோரைக் குறித்து ஒவ்வொரு வீடும் எதிர்கொண்ட கேள்வியை அத்தலைமுறையினர் மறக்கமாட்டார். முதியவரை யார் தூக்குவது என்பதே அக்கேள்வி. கால் நூற்றாண்டு கழிந்தபின் அது வேறு வடிவிலே திரும்பி வந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர் அரியாலையில் நிகழ்ந்த ஓர் ஆராதனையிலே கலந்துகொண்ட வெளிநாட்டுப் போதகருக்கு நோய் இருந்தமை பின்னர் தெரியவந்தது. கூடியிருந்தோர் தனிமைப்படுத்தப்பட்டனர். கொழும்பு, கம்பகா, களுத்துறை, புத்தளம், கண்டி ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் இடர் மிகுந்த மாவட்டங்களுள் வைக்கப்பட்டது. ஏனைய மாவட்டங்களில் ஊரடங்கு இடையிடையே தளர்ந்தபோதும் இம்மாவட்டங்களிலே அது தொடர்ந்தது. ஏப்ரல் மாதத்திலே மருத்துவபீடத்தின் ஆய்வுகூடத்திலேயே நோயைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை நடைபெறலாயிற்று. மாதந்தோறும் வைத்தியசாலைக்குச் சென்று மருந்து பெறுவோருக்குத் தபால் மூலம் மருந்து அனுப்பும் ஏற்பாடும் நாட்டிலே செய்யப்பட்டது.

தெருக்கள் வெறிச்சோடின. வாகனங்கள் ஓடாமையால் வீதி விபத்துகள் குறைந்தன. ஆனால் முதியோரின் இடுப்பு முறிவு அவ்வாறு குறையவில்லை என்பதை உலகின் பல நாடுகளிலே அக்காலத்து எடுத்த கணக்குகள் காட்டின. காரணம் எளிதில் விளங்கும். இளைஞரின் எலும்பு தெருவிலே முறிகின்றது. முதியோரின் எலும்பு வீட்டிலே முறிகின்றது. ஊரடங்கு தெருவை மூடிற்று, கிணற்றடியை மூடவில்லை. கோயிலுக்கும் சந்தைக்கும் நாள்தோறும் நடந்த முதியவர் வீட்டிலேயே அடைந்திருந்தால், அவரது கால்தசை மேலும் தளரும். விழும் வாய்ப்பும் கூடும்.

வைத்தியசாலைகள் இக்கட்டான நிலையிலே நின்றன. அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை ஒத்திவைக்கலாம். கண்புரையும் குடலிறக்கமும் சில மாதங்கள் பொறுக்கும். இடுப்பு முறிவு பொறுக்குமா? அதனை ஒத்திவைத்தல் கூப்பருக்கு முற்பட்ட காலத்துப் படுக்கைக்கே முதியவரை அனுப்புவதாகும். மறுபுறத்திலே, நோய் தொற்றிய ஒருவரைச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தினால் அவரும் இறக்கலாம். வைத்தியருக்கும் தாதியருக்கும் நோய் பரவலாம். இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டல்கள் தொடக்கத்திலேயே இடுப்பு முறிவை ஒத்திவைக்கலாகாத சிகிச்சைகளுள் வைத்தன. மயக்கமருந்து கொடுத்துச் சுவாசக் குழாயிற் குழாய் செலுத்துவதைக் காட்டிலும், முள்ளந்தண்டிலே ஊசியேற்றும் பீரின் முறையே நோயாளருக்கும் வைத்தியருக்கும் தீங்கு குறைந்தது எனப் பலவிடங்களிற் கைக்கொள்ளப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட முறை புதிய கொள்ளைநோயிலே புதிய மதிப்புப் பெற்றது.

2020ஆம் ஆண்டிலே பிரித்தானிய வைத்தியசாலைகள் சிலவற்றிலிருந்து வந்த ஒரு கணக்கு உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. இடுப்பு முறிந்து சத்திரசிகிச்சை பெற்றோருள் கொவிட் தொற்றுடையோர் 82 பேர். அவர்களில் 25 பேர் இறந்தனர். தொற்றில்லாதோர் 340 பேர். அவர்களில் 35 பேர் இறந்தனர். முன்னையது மூவருக்கு ஒருவர் என்ற அளவை அண்மியது; பின்னையது பத்துக்கு ஒருவர் என்ற அளவு. புகைபிடிப்போரும், ஏற்கனவே பல நோய்கள் உடையோரும் மிகுதியாக இறந்தனர். வேறு நாடுகளிலிருந்து வந்த கணக்குகளும் ஏறத்தாழ இதனையே கூறின.

இவ்வெண்களை மேலோட்டமாக நோக்குவோர், தொற்றுடைய முதியோருக்குச் சத்திரசிகிச்சை செய்யாது விடுவதே நன்றெனக் கருதக்கூடும். அது பிழையான முடிவு. மூவரில் ஒருவர் இறந்தார் என்பது எவ்வளவு உண்மையோ, மூவரில் இருவர் பிழைத்தனர் என்பதும் அவ்வளவு உண்மை. அம்மூவரையும் படுக்கையிலே கிடத்தியிருந்தால், கொவிட் நோயினால் ஏற்கனவே நலிந்த நுரையீரலோடு, அசையாமற் கிடப்பதனால் வரும் சுவாச அழற்சியும் குருதியுறைவும் சேர்ந்திருக்கும். கொவிட் நோயும் குருதியை உறையச் செய்வது. படுக்கையும் உறையச் செய்வது. இரண்டு பகைவரும் ஒரே வழியால் வருவதை அறிந்த வைத்தியர், ஒருவனையாவது தடுத்தல் வேண்டும் என்றே துணிந்தனர்.

எவ்வளவு விரைவாகச் செய்தல் வேண்டும் என்பதற்கும் அதே ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சான்று கிடைத்திருந்தது. 17 நாடுகளிலுள்ள 69 வைத்தியசாலைகளில், 2970 நோயாளரிடையே நடந்த ஆய்வு 2020ஆம் ஆண்டு பெப்ரவரியிலே லான்செற்றில் வெளிவந்தது. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை பெற்றோரும், ஏறத்தாழ 24 மணி நேரத்தின்பின் பெற்றோரும் இறந்த அளவிலே பெரிதும் வேறுபடவில்லை. ஆனால் விரைவாகப் பெற்றோரிடையே அறிவுக்கலக்கம் குறைந்தது. அவர்கள் முன்னரே எழுந்து நடந்து, முன்னரே வீடு திரும்பினர். ஆகவே ஒருநாட் பொழுது சோதனை முடிவுக்காகக் காத்திருத்தலால் உயிர் போய்விடாது. அது பல நாட்களாக நீளுதலே கேடு. இவ்வேறுபாட்டை அறிந்து நடப்பதற்குச் சோதனைக்கூடம் அண்மையில் இருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்திலேயே பி.சி.ஆர். சோதனை நடைபெற்றது இவ்வகையிலும் பெரும் பேறு.

வைத்தியசாலைக்கு வந்து சேர்வதும் தனி இடர். ஊரடங்கு வேளையிலே வாடகை வாகனம் கிடையாது. அயலாரும் வரத் தயங்குவர். இந்நிலையிலே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவை பேருதவியாயிற்று. இந்திய அரசின் நன்கொடையோடு 2016ஆம் ஆண்டிலே தென்னிலங்கையிற் பிறந்த அச்சேவை, 2018ஆம் ஆண்டு யூலை மாதத்திலேயே வடக்குக்கு விரிவுபட்டிருந்தது. இரண்டே ஆண்டுகள் முந்தி வந்த வண்டி அது.

ஆயினும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியேதான் கொள்ளைநோய் கடுமையான அடியைக் கொடுத்தது. இடுப்பு முறிந்த முதியவர் பிழைப்பதும் பிழையாததும் மறுநாட் காலையிலே அவரை யார் எழுப்புகின்றார் என்பதிலே பெரிதும் தங்கியுள்ளது. யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளிலே அவ்வேலையைத் தாதியரும் இயன்மருத்துவரும் மட்டும் செய்வதில்லை. மகளோ மருமகளோ பேரனோ கட்டிலருகே நின்று முதுகைத் தாங்குவர், கஞ்சி பருக்குவர், பெயர் சொல்லி அழைப்பர். அறிவு கலங்கிய மூதாட்டிக்கு அறிந்த குரல் ஒன்றே சில வேளைகளில் மருந்தாகும். கொள்ளைநோய்க் காலத்திலே பார்வையாளர் தடுக்கப்பட்டனர். அருகில் வந்தோரும் முகத்தை மூடிக் கவசம் அணிந்தே வந்தனர். தொடாதே, நெருங்காதே என்பது அக்காலத்து ஒழுக்கம். தொடு, தாங்கு, எழுப்பு என்பதோ இடுப்பு முறிந்தவரின் தேவை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதின.

குடாநாட்டிலே இம்மோதல் கூர்மையாயிருந்ததற்குத் தனிக்காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இலங்கை மக்களுள் அறுபது வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்கு 12.4 பேர். யாழ்ப்பாணத்திலோ போரினாலும் புலப்பெயர்வினாலும் பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் வாழ, பெற்றோர் மட்டும் பழைய வீட்டிலே தங்கிய குடும்பங்கள் பல. பெற்றோர் விழுந்தால் அடுத்த விமானத்தில் வருவோம் என்பதே அப்பிள்ளைகளின் நம்பிக்கை. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே பலாலியிற் பன்னாட்டு விமான நிலையம் திறந்தபோது அந்நம்பிக்கை மேலும் வலுப்பெற்றது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே விமானங்கள் நின்றன. தூரதேசத்துப் பிள்ளைகள் தொலைபேசித் திரையிலே முகம் காட்டலாம்; பணம் அனுப்பலாம்; முதுகைத் தாங்க முடியாது. அப்பொழுது தாங்கியவர்கள் தாதியரும் சிற்றூழியரும் அயல்வீட்டாருமே. தம் குடும்பத்துக்கு நோயைக் கொண்டு செல்வோமோ என்ற அச்சத்தோடு, பிறர் வீட்டு முதியோரை எழுப்பி இருத்திய அவர்களின் பணி எந்தக் கணக்கிலும் ஏறாதது.

2021ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே யாழ்ப்பாணத்துப் பொதுமக்களுக்குச் சினோபாம் தடுப்பூசி ஏற்றத் தொடங்கினர். அவ்வாண்டு ஓகஸ்ட் 20ஆந் திகதி தொடக்கம் ஒக்ரோபர் முதலாந் திகதி வரை நாடு மீண்டும் முடங்கியது. தடுப்பூசி பரவப் பரவ, நோயின் கொடுமை தணிந்தது. 2023ஆம் ஆண்டு மே 5ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட் நோய்க்கான சர்வதேச அவசரநிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. கொள்ளைநோய் அடங்கிற்று. முதியோர் விழுவதோ அடங்கவில்லை. முதியோரின் தொகை பெருகப் பெருக அது பெருகவே செய்யும்.

ஆகையால் இவ்வரலாறு கற்பிக்கும் பாடங்களை மனங்கொள்ளல் நன்று. கிணற்றடியிலும் குளியலறையிலும் கைபிடிக்க ஒரு சட்டமும், இரவிலே ஒரு விளக்கும், வழுக்காத செருப்பும் சிறு செலவிலே அமைபவை. விழுந்தவரின் காலை இழுத்து நேராக்க முயலலாகாது. எண்ணெயிட்டு ஒரு கிழமை பார்ப்போம் என்று காத்திருத்தலும் ஆகாது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். வயது எண்பதைக் கடந்துவிட்டது, இனிக் கத்தி வைப்பது எதற்கு என்று உறவினர் சிலர் கேட்பர். நெடுநாள் வாழ்வுக்காக மட்டும் அச்சிகிச்சை செய்யப்படுவதில்லை. நோவின்றி எழுந்திருக்கவும், படுக்கைப் புண்ணின்றி எஞ்சிய நாட்களைக் கழிக்கவும் அதுவே பெரும்பாலோர்க்கு வழி. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை, பாவம் கிடக்கட்டும் என்று விட்டுவிடுதல் இரக்கம் அன்று. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை முற்றம் வரை நடத்திச் செல்லுதலே இரக்கம்.

இன்னொரு கொள்ளைநோய் எக்காலத்தும் வரலாம். அன்று வைத்தியசாலையின் கதவுகளை எவ்வளவு இறுக மூடினாலும், முறிந்த இடுப்போடு வருபவருக்கு ஒரு கதவும், அவரை மறுநாட் காலையில் எழுப்புவதற்கு இரண்டு கைகளும் திறந்திருத்தல் வேண்டும். அதற்கான ஏற்பாட்டை நோய் வருமுன்னரே செய்து வைத்தல் வைத்தியசாலைகளின் கடன். அயல்வீட்டு முதியவரின் கதவை நாள்தோறும் ஒருமுறை தட்டிப் பார்த்தல் ஊரவரின் கடன்.